தொற்றாது என்பதால் மட்டுமா?

திருவண்ணாமலைக் கோயிலில் வல்லாள மகாராஜா கோபுரத்தைக் காட்டுகிறவர்கள் அருணகிரிநாதர் கதையைச் சொல்லாமல் நகர்வதில்லை. மனம்போன போக்கில் வாழ்ந்தவரைத் தொழுநோய் பற்றியது. பொருளும் போய், பழகியவர்களும் முகம் சுளித்த நிலையில் கோபுரத்திலிருந்து குதித்தார், முருகன் தாங்கிக்கொண்டான். 15ஆம் நூற்றாண்டுக் கவிஞரைப் பற்றிய இந்தச் செவிவழிக் கதையில் நோய் பாவத்தின் கூலியாக வருகிறது. அவரை மேலே ஏற்றியது நோயின் வலியா, ஊராரின் அருவருப்பா என்று யாரும் நின்று கேட்பதில்லை.

கேட்க வேண்டிய கேள்வி அதுதான். சொரியாசிஸ் வந்தவர் கறுப்புச் சட்டை போடமாட்டார்; தோளில் உதிரும் வெள்ளைச் செதில் காட்டிக்கொடுத்துவிடும். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான். உட்கார்ந்த நாற்காலியை எழுந்ததும் கையால் துடைத்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்ப்பார். முடிதிருத்தும் கடையில் தலையில் கைவைக்கத் தயங்கினால், அடுத்த முறை அந்தத் தெருப் பக்கமே போகமாட்டார். அரிப்புக்குக் களிம்பு இருக்கிறது. நாள் முழுக்கத் தன்னையே காவல் காக்கும் இந்த அலுப்புக்கு எதைத் தடவுவது?

இவர்களுக்காகப் பரிந்து பேசுகிறவர்கள் முதலில் சொல்வது, 'இது ஒட்டுவாரொட்டி இல்லை. தொழுநோய் மாதிரி கிடையாது' என்பது. முழு உண்மை. உடலின் எதிர்ப்புசக்தி தடம் மாறுவதால், ஏறத்தாழ ஒரு மாதத்தில் புதுப்பிக்கப்பட வேண்டிய தோல் சில நாளிலேயே அடுக்கடுக்காக வளர்வதுதான் சொரியாசிஸ். தொட்டால் பரவாது. வெண்புள்ளியும் அப்படித்தான். ஆனாலும் அந்த வாதத்தில் அநீதி ஒன்று ஒளிந்திருக்கிறது. ஒருவரை மீட்க இன்னொருவரைப் பள்ளத்தில் தள்ளுகிறது அது. தொற்றாதவருக்குத்தான் மரியாதை என்றால், தொற்று உள்ளவரை ஒதுக்குவது சரி என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அருணகிரிநாதரை அந்த வாதம் மறுபடியும் கோபுரத்தில்தான் ஏற்றும்.

பிள்ளைகுட்டி உள்ள வீட்டில் தொற்றுக்கு அஞ்சுவது தப்பா? இல்லை. அந்த அச்சம் நியாயமானது. அதற்குரிய பதில் மருந்து. தொழுநோய்க்கான கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்தது. நோயின் வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம், அதுவும் இலவசமாக. தொடங்கிய சில நாட்களிலேயே பரவும் ஆற்றல் அடங்கிவிடும். அப்படியிருந்தும், தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாக வைத்திருந்த சட்டப்பிரிவு நீங்க 2019 வரை ஆனது. குணமானவரையும் விலக்கியே வைத்தபோது காப்பாற்றப்பட்டது யாருடைய உடல்நலமும் அல்ல, நம் அருவருப்பு.

அருவருப்பு தானாக எழுவது. அதற்காக யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அதன் பேச்சைக் கேட்டுத் தனித்தட்டும் தனிப்பாயும் எடுத்துவைப்பது நாமாகச் செய்வது. 'எந்த ஜென்மத்துப் பாவமோ' என்று உச்சுக்கொட்டுவதும், முன்பின் தெரியாதவரை நிறுத்தி எண்ணெய் வைத்தியம் சொல்வதும் அதே கணக்கில்தான் சேரும். பௌர்ணமி கிரிவலத்தில் 14 கிலோமீட்டர் தோளோடு தோள் உரச நடக்கிறவர்கள் பக்கத்தில் வருகிறவரின் தோலைப் பற்றி விசாரிப்பதில்லை. அதே மரியாதையை மறுநாள் காலை டீக்கடை பெஞ்சில் எதிர்பார்க்க அவருக்கு முழு உரிமை உண்டு. அதைப் பெறுவதற்காக மருத்துவச் சான்றிதழ் காட்ட வேண்டிய கடமை அவருக்கு இல்லை.