கர்ணன் பக்கம் சாயும் மனம்

மகாபாரத வில்லாளிகளில் வென்றவன் அர்ச்சுனன். தமிழ் மனம் பற்றிக்கொண்டதோ கர்ணனை. அவன் தோற்ற பக்கத்தில் நின்றவன், வாய்த்துடுக்கு மிகுந்தவன், சபை நடுவே ஒரு பெண்ணை இழித்துப் பேசியவன். இத்தனையும் தெரிந்துதான் மக்கள் அவனுக்காகக் கண் கலங்குகிறார்கள். கண்ணன் தேரோட்டிய வீரனை விட்டுவிட்டு, அந்தத் தேருக்கு எதிரே நாண் ஏற்றியவனிடம் பற்று வைப்பது எப்படி நேர்ந்தது? இது அறத்தைப் பற்றிய கேள்வி. பக்தியைப் பற்றிய கேள்வியும்கூட.

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் உள்ள கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயிலில் இந்தக் கேள்வி கல்லிலேயே நிற்கிறது. 16ஆம் நூற்றாண்டில், மதுரை நாயக்கர் ஆட்சிக் காலத்தில் எழுந்த கோயில் அது. அதன் மண்டபத் தூண்களில் அர்ச்சுனனும் கர்ணனும் ஆளுயரத்தில் நிற்கிறார்கள். கர்ணன் கையில் நாகாஸ்திரம். பெருமாள் கோயிலில் பெருமாளின் தோழனுக்கு எந்த அளவு உண்டோ, அதே அளவு அவனுடைய எதிரிக்கும் உண்டு. தோற்றவன் என்று சிற்பி அவனைக் குறுக்கவில்லை. உளியின் நுணுக்கத்திலும் குறை வைக்கவில்லை.

கர்ணனுடைய குறைகளை மறைத்துவிட்டு அவனை விளக்க முடியாது. பாஞ்சாலியைச் சூதாட்ட மண்டபத்துக்கு இழுத்து வந்தபோது, வியாச பாரதத்தில் மிகக் கொடிய சொற்களைச் சொன்னவர்களில் அவனும் ஒருவன். அபிமன்யுவைப் பலர் சூழ்ந்து நின்ற வேளையில் அந்தச் சிறுவனின் வில்லை அறுத்தவன் அவன். பரசுராமரிடம் பொய் சொல்லி வித்தை கற்றவன். பீஷ்மர் அவனை அர்த்தரதன் என்று தாழ்த்திச் சொன்னதும், அவர் களத்தில் இருக்கும்வரை வில்லைத் தொடமாட்டேன் என்று சபையிலேயே சூளுரைத்து ஒதுங்கினான். கிருபரிடமும் தன் தேரை ஓட்டிய சல்லியனிடமும் அவன் பட்ட வாய்ச்சண்டைகள் தனிக் கதை. நினைத்ததை அடக்கத் தெரியாத நாக்கு அது.

ஆனால் அதே நாக்கு தன்னைப் பற்றியும் உண்மை பேசியது. போருக்கு முன் கண்ணன் பிறப்பு இரகசியத்தைச் சொல்லி அவனை அழைக்கும் இடம், உத்தியோக பருவத்தின் உச்சம். கர்ணன் தன் பக்கம் தோற்கும் என்று அறிந்திருந்தான். அதை வாய்விட்டுச் சொன்னான். துரியோதனனை மகிழ்விக்கப் பாண்டவர்களை நோகப் பேசியதற்கு வருந்துவதாகவும் சொன்னான். சொல்லிவிட்டு, அந்தத் துரியோதனனிடமே திரும்பிப் போனான். தவறை அறியாமல் செய்பவன் மேல் இரக்கம் வரும், அறிந்து செய்பவன் மேல் கோபம் வரும். தவறான பக்கம் என்று தெரிந்தும், கைகொடுத்தவனைக் கைவிடாமல் அங்கே சாகத் துணிபவனை எதில் சேர்ப்பது? அந்த இடத்தில் நம் அறக்கணக்கு தடுமாறுகிறது.

தமிழர் இதற்கு வைத்திருக்கும் பெயர் செஞ்சோற்றுக் கடன். செய்ந்நன்றி அறிதலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கிய திருக்குறளை வளர்த்த மரபில், நன்றி மறந்தவனுக்கு உய்வில்லை. ஆனால் நன்றி தீமைக்குத் துணைபோகச் சொன்னால்? கர்ணன் கதை இந்த இரண்டு அறங்களையும் மோதவிடுகிறது. துரியோதனன் அவனுக்கு அங்க நாட்டை மட்டும் தரவில்லை. தேரோட்டி மகன் என்று ஊர் சிரித்த நாளில் மதிப்பைத் தந்தான். அந்தக் கடன் பாஞ்சாலிக்குச் செய்த அநியாயத்தைக் கழுவிவிடாது. கழுவிவிடும் என்று சொல்லும் ரசிகர்கள் கர்ணனைவிடக் குறைந்த நேர்மை உள்ளவர்கள். அவன் தன் குற்றத்தை நன்றி என்று பெயர் மாற்றவில்லை.

வில்லாளி நாயகனின் கவர்ச்சி நம் நாட்டோடு நிற்பதும் இல்லை. அமெரிக்கச் சித்திரக்கதைகளில் 1941-இல் தோன்றிய ‘கிரீன் ஆரோ’ நெடுங்காலம் சாதாரண சாகச வீரனாகவே இருந்தான். 1970-இல் எழுத்தாளர் டென்னி ஓநீலும் ஓவியர் நீல் ஆடம்ஸும் அவனுக்கு ஏழைகளுக்காகச் சீறும் வாயைக் கொடுத்தார்கள். மறு ஆண்டே, ஊருக்கெல்லாம் நியாயம் பேசியவன் தான் வளர்த்த பிள்ளை போதைக்கு அடிமையானதைக் கவனிக்கத் தவறியவன் என்றும் காட்டினார்கள். வாசகர் அவனை நெருக்கமாக உணர்ந்தது அதன் பிறகுதான். பறக்கும் ஆற்றலோ இரும்பு உடலோ இல்லாமல், வில்லையும் கைப்பழக்கத்தையும் நம்பி நிற்பவன் அவன். கர்ணனோ கவசமும் குண்டலமும் உடலோடு பிறந்தவன். அந்தத் தெய்வ ஆற்றலை இந்திரனுக்கு அறுத்துக் கொடுத்து, வெறும் மனிதனாகக் களத்துக்கு வந்தவன். தமிழ் மரபில் பெற்ற தாய் குந்தியும் வந்து நாகாஸ்திரத்தை இரண்டாம் முறை ஏவாத வரம் கேட்கிறாள். ஒவ்வொரு சந்திப்பிலும் அவனிடமிருந்து ஒன்று குறைகிறது.

இந்தக் குறைதலின் கடைசிப் படியை எழுதியவர் வில்லிபுத்தூரார். களத்தில் சாய்ந்து கிடக்கும் கர்ணனிடம் கண்ணன் அந்தணனாக வந்து, அவன் செய்த புண்ணியம் முழுவதையும் தானமாகக் கேட்கிறான். அவன் கொடுக்கிறான். பிறகு கண்ணன் தன் திருவுருவம் காட்டுகிறான். வியாசரிடம் இல்லாத இந்தக் காட்சியைத் தமிழர் கொடை வள்ளலின் உச்சம் என்று படிக்கிறார்கள். சமய நோக்கில் அதைவிட ஆழமான பொருள் இதில் உண்டு. புண்ணியத்தைக் கொடுத்துவிட்டவனிடம் மிஞ்சுவது என்ன? பாஞ்சாலிக்கு இழைத்ததும் அபிமன்யுவுக்கு இழைத்ததும்தான். கைம்முதல் ஏதும் இல்லாமல், குற்றத்தோடு மட்டும் கிடப்பவனுக்குத்தான் இறைவன் தன்னைக் காட்டுகிறான்.

நம்மாழ்வார் தோன்றிய ஆழ்வார்திருநகரியும் மற்ற நவதிருப்பதிகளும் உள்ள தாமிரபரணிக் கரைக்கு இந்தச் சிந்தனை புதிதல்ல. சரணாகதிக்குத் தகுதி, தன்னிடம் தகுதி ஏதுமில்லை என்று உணர்வதே என்று வைணவம் சொல்லும். தென்கலை ஆசாரியர்கள் ஒரு படி மேலே போனார்கள். ஈன்ற பசு கன்றின் உடம்பு அழுக்கை நாவால் நக்கி எடுப்பதுபோல், அடியவனின் குற்றத்தையே இறைவன் விரும்பி ஏற்கிறான் என்றார்கள். அதற்கு வாத்சல்யம் என்று பெயர். கர்ணனை நேசிப்பவர் எல்லாரும் இந்தச் சித்தாந்தம் படித்தவர்கள் அல்லர். ஆனாலும், குற்றமும் நன்மையும் ஒன்றையொன்று அழிப்பதில்லை, குற்றவாளிக்கும் ஒரு முகம் காட்டப்படும் என்ற ஆறுதலைத்தான் அவன் கதையில் அவர்களும் பெறுகிறார்கள். அர்ச்சுனனைப் பார்த்து வியக்கலாம். தன் வாழ்வின் கணக்கைத் திறந்து பார்க்க நேரும் மனிதனுக்குக் கர்ணன்தான் பக்கத்தில் நிற்கிறான்.

1964-இல் பி. ஆர். பந்துலு இயக்கத்தில் சிவாஜி கணேசன் நடித்த ‘கர்ணன்’ 2012-இல் புதுப்பிக்கப்பட்டு வந்தபோதும் மக்கள் திரையரங்குக்குப் போனார்கள். 2021-இல் தாமிரபரணிக் கரையைச் சேர்ந்த மாரி செல்வராஜ் அந்தப் பெயரையே தன் படத்துக்கு வைத்தார். அதில் கர்ணன் கையில் வாள். துரியோதனன் ஊர்ப் பெரியவர். கண்ணபிரான் அந்த ஊரை ஒடுக்கும் காவல் அதிகாரி. பிறப்பைச் சொல்லி அவமதிக்கப்பட்டவன் என்ற ஒரே இழை, ஒடுக்கப்பட்ட கிராமத்தின் குரலாக மாறியது. கர்ணனின் மற்ற குறைகள் அங்கே தேவைப்படவில்லை. இது ஓர் இழப்புதான் என்றாலும், அவமதிப்புக்கு ஆளானவர்கள் அவனை உரிமையோடு எடுத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது.

தென்பாண்டி நாட்டின் வழிபாட்டில் இந்தச் சாய்வு இன்னும் பழையது. வில்லையே இசைக்கருவியாக்கி, நாணில் வீசுகோலால் அடித்துப் பாடும் வில்லுப்பாட்டில் பாடப்படுகிறவர்களில் பலர் ஊரோடு மோதியவர்கள், வெட்டுப்பட்டுச் செத்தவர்கள். பழிச்செயல்கள் நிறைந்த சுடலைமாடன் கதையை மறைக்காமல் பாடிவிட்டுத்தான் அவனுக்குப் படையல் வைக்கிறார்கள். முத்துப்பட்டன் வேறு வகை. அந்தணனாகப் பிறந்து, சக்கிலியர் குலத்துப் பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணக்கப் பூணூலை அறுத்து, செருப்புத் தைத்து, மாமனாரின் மாடுகளைக் காக்கப் போய் உயிர் விட்டவன். சாதி அவனைக் குற்றவாளி என்றது. மக்கள் பட்டவராயன் என்று கும்பிட்டார்கள். பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து ஐயனார் கோயிலில் அவனுக்கு இன்றும் தோல் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். அவன் அதைப் போட்டுக்கொண்டு இரவில் காட்டில் நடக்கிறான், அதனால்தான் செருப்பு தேய்கிறது என்பது அங்கே வருகிறவர்களின் நம்பிக்கை.