புதுத் தொட்டியும் பழைய தோற்றமும்

புதிய பூந்தொட்டியைப் பழையது போலத் தோன்றச் செய்வதும் தோட்டக்கலையின் ஒரு கூறாகிவிட்டது. இவ்விருப்பத்திற்கு இங்கிலாந்தில் நெடிய வரலாறு உண்டு. 1740-களில் ஹேக்லி பூங்காவில் சாண்டர்சன் மில்லர் என்பார் ஒரு கோட்டையை, எழுப்பும்போதே இடிந்த கோட்டையாக எழுப்பினார். பிற்காலத் தோட்டக்காரர்கள் சிமெண்டு, மணல், மட்கிய சதுப்புநிலப் பாசி ஆகியவற்றைக் குழைத்துப் பழங்கல் தொட்டி போன்றவற்றை வார்த்தனர். மண்தொட்டியின்மேல் தயிரோ மோரோ பூசி, நிழலில் ஈரம் காயாமல் வைத்தால் விரைவில் பச்சை படரும் என்பர். நீர்த்த சுண்ணாம்பைப் பூசித் துடைத்தால் வெண்மை தங்கும்.

இவ்விரண்டும் காலம் தானே செய்யும் வேலைகளே. மெருகிடாத சுடுமண் நீரைக் கசியவிடும். கசிந்த நீர் ஆவியாகுங்கால், அதிற் கரைந்திருந்த உப்புகள் புறத்தே வெண்மையாய்ப் படியும். நிழல் பட்ட பக்கத்தில் பாசி ஏறும். பல ஆண்டுகள் ஒருவர் தவறாது நீர் வார்த்ததன் பதிவேடு அது.

அப்பதிவேட்டை ஒரு மாதத்தில் எழுதிவிடுவது பொய்யாகுமா? தம் முற்றத்து அழகுக்காக மோர் பூசுபவரைப் பொய்யர் என்று யான் கூறேன். (தலை நரைக்குச் சாயமும் தொட்டிக்கு நரையும் ஒரே நாளில் பூசுகிறோமே, அது வேறு வியப்பு!) தொட்டி விலைக்கு வரும்போதுதான் வினா கடுமையாகிறது.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், போலிப் பொருளை வாணிகம் செய்தலைப் பொய்யாமை விரதத்தின் குற்றங்களுள் வைக்கவில்லை. கள்ளாமை விரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் ஒன்றாக வைத்துள்ளது. களவுப்பொருளை ஏற்பதும், அளவையில் ஏமாற்றுவதும் அதனோடு நிற்கின்றன. இவ்வைப்புமுறை ஆழ்ந்து நோக்கத்தக்கது. விற்பவர் ‘இது பழையது’ என்று வாய்திறந்து சொல்லாதிருக்கலாம். அவருக்காகப் பாசி பேசிவிடுகிறது. சொல்லை மட்டும் ஆராய்ந்தால் அவர் தப்பிவிடுவார். வாங்குபவரோ தொட்டிக்கும் விலை கொடுக்கிறார், அதன்மேல் கழிந்ததாகத் தோன்றும் நாற்பது ஆண்டுகளுக்கும் விலை கொடுக்கிறார். அந்த நாற்பது ஆண்டுகள் அவர் வீடு வந்து சேர்வதில்லை. படியில் குறைத்து அளந்த அரிசிக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

‘அவர் கேட்கவில்லையே’ என்பர் சிலர். நம்பி வாங்குபவர் படியையும் கவிழ்த்துப் பார்ப்பதில்லை. தொட்டியின் அடியில் செய்த ஆண்டைப் பதித்து விற்பவர், மேலே எவ்வளவு மோர் வேண்டுமாயினும் பூசட்டும்.