கீழ்த்துறையில் குடிப்பவர்

2024 நவம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகள் இருவர் நெல்லைக்கு வந்து, தாமிரபரணியின் நிலையைக் கரையில் நின்று நேரில் பார்த்தார்கள். ஆற்றில் சாக்கடை விடாதீர்கள் என்று சொல்ல நீதிமன்றமே படித்துறைக்கு இறங்கி வரவேண்டியதாயிற்று. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் வரை தமிழ்நாட்டிலேயே ஓடும் ஆறு இது. இதைக் கெடுத்தவர் அண்டை மாநிலத்தார் என்று கைநீட்ட வழியில்லை.

வேறு வழியில்லாத நகரம் தன் கழிவை ஆற்றில் விடுவது அறமாகுமா? ஆகாது. கீழ்த்துறையில் ஒருவர் குடிக்கிறார் என்றால், மேல்துறையில் இருப்பவருக்கு அந்த நீரைக் கெடுக்கும் உரிமை இல்லை.

நீருக்குள் நடப்பதைப் பார்த்தால் இது விளங்கும். சாக்கடையைத் தின்னும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன. மீன் மூச்சுக்குத் தவிக்கிறது. இந்தச் சுமையை அளப்பதே உயிர்வேதி ஆக்சிஜன் தேவை. குளிக்கும் நீரில் அது லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரம்பு. சுத்திகரிக்காத வீட்டுச் சாக்கடையில் அது 200-ஐத் தாண்டுவது சாதாரணம். கழிவிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் உரமாகி அமலைச்செடியை வளர்க்கின்றன. மலத்தோடு வரும் கிருமிகள் காலராவையும் டைபாய்டையும் மஞ்சள்காமாலையையும் சுமந்து போகின்றன. போகும் வழியில் மருதூர் அணை, ஸ்ரீவைகுண்டம் அணை, பல ஊர்களின் உறைகிணறுகள். தூத்துக்குடி மக்கள் குடிப்பதும் இந்த ஆற்று நீரைத்தான்.

இந்த அறம் நமக்குப் புதிதன்று. கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார் வள்ளுவர். உலகுக்கு உதவும் பேரறிவாளனின் செல்வத்துக்கு உவமை தேடியபோது, நீர் நிறைந்த ஊருணியைத்தான் அவர் கண்டார். புறநானூற்றில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குச் சொன்ன அறிவுரை, நீரையும் நிலத்தையும் சேர்த்தவரே உயிரையும் உடம்பையும் படைத்தவர் என்பது. பரிபாடல் வையையைத் தெய்வங்களுக்கு நிகராக வைத்துப் பாடியது. கம்பர் தம் காவியக் கதையை ஆற்றுப்படலத்தில் தொடங்கினார். எல்லாவற்றுக்கும் மேலாக, பெருவாயின் முள்ளியாரின் ஆசாரக்கோவை, எச்சில் உமிழவும் மலசலம் கழிக்கவும் கூடாத பத்து இடங்களை எண்ணிச் சொல்லும்போது தீர்த்தத்தையும் அதில் சேர்த்தது. தனி மனிதன் செய்யக்கூடாததை ஒரு நகரம் குழாய் போட்டுச் செய்யலாமா?

பாதாளச் சாக்கடைக்கும் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் பெரும் பணம் வேண்டும், உள்ளாட்சிகளிடம் அது இல்லை என்பார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் 1980-லேயே ரத்லாம் நகராட்சி வழக்கில், நிதியில்லை என்று சொல்லிச் சுகாதாரக் கடமையிலிருந்து நழுவ முடியாது என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்துவிட்டார். கழிவை ஆற்றில் விடுவதால் செலவு மறைவதில்லை. கீழூர்க் குழந்தையின் மருத்துவச் செலவாக அது இடம் மாறுகிறது. தன் கடனைப் பிறர் தலையில் கட்டுவது வறுமையன்று, அநீதி.

ஆகவே நகரத்தாரே, அதிகாரிகளே, உங்கள் வீட்டுக் கழிவுநீர் எங்கே போய்ச் சேருகிறது என்று விசாரியுங்கள். ஆற்றில் என்றால், அதை மாற்றும்வரை ஓயாதீர்கள். ஆற்றைத் தாய் என்று கும்பிட்டால் மட்டும் போதாது. கீழ்த்துறையில் குனிந்து இரு கைகளாலும் நீர் அள்ளுகிறவரின் முகம் உங்களுக்குத் தெரியாது. முகம் தெரியாத அவருக்குச் செய்யும் கடமையே அறம்.