வியாதிக்காரருக்குத் துணையாயிருப்போம்



ஜெருசலேம் நகரில் ஐந்து மண்டபங்கள் சூழ்ந்த குளக்கரையில் 38 வருஷமாய் வியாதியுற்றிருந்த ஒரு மனிதன் கிடந்தான் என்று அர்ச். அருளப்பர் தம் சுவிசேஷத்தின் 5-ம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறார். அவன் வலியைப்பற்றி முறையிடவில்லை. தன்னைக் குளத்தில் இறக்கிவிட ஓர் ஆளில்லையே என்பதுதான் அவன் முறையீடு.

கொரோனா கொள்ளைநோய் பரவிய 2020-ம் வருஷத்தில் எண்ணற்ற நோயாளிகளின் முறையீடும் இதுவே. இத்தாலி தேசத்தின் வடக்கேயுள்ள பெர்கமோ நகரை நினைத்துப் பாருங்கள். அப்பிரதேசத்தில் பிறந்து, 1958 முதல் 1963 வரை திருச்சபையை ஆண்ட அர்ச். 23-ம் அருளப்பர் பாப்பானவரின் பெயரையே அந்நகரின் பெரிய ஆஸ்பத்திரி தாங்கி நிற்கிறது. அவ்வருஷம் மார்ச் மாதம் அதன் கட்டில்களெல்லாம் மூச்சுத்திணறும் நோயாளிகளால் நிறைந்தன. ஊரில் இடமின்றி, சவப்பெட்டிகளை ராணுவ லாரிகள் வெளியூர்களுக்குக் கொண்டுபோயின.

அந்நோயாளிகள் பட்டது என்ன? பலருக்குத் தலை முழுவதையும் மூடும் பிளாஸ்டிக் கூட்டை மாட்டி, அதனுள் பிராணவாயுவைச் செலுத்தினார்கள். காற்றின் இரைச்சலில் அருகில் நிற்பவர் பேச்சும் கேளாது. நோய் முற்றியவர்களுக்கு மயக்கமருந்து கொடுத்து, மூச்சுக்குழலுக்குள் குழாய் இறக்கி, நாளொன்றுக்குச் சுமார் 16 மணி நேரம் குப்புறப் படுக்கவைத்தார்கள். விழித்த பின்னும் குழாய் இருக்குமட்டும் பேசமுடியாது. கண்டது கனவோ நனவோ என்று பலர் கலங்கினார்கள்.

இவையெல்லாம் உயிரைக் காக்கச் செய்த சிகிச்சைகளே. ஆனால் தொற்றுநோயாதலால் மனைவி மக்களை உள்ளே விடவில்லை. குழாய் இறக்குமுன் டெலிபோனில் பேசிய இரண்டொரு வார்த்தையே பலருக்குக் கடைசி வார்த்தையாயிற்று.

சர்வேசுரன் அவர்களைக் கைவிட்டாரோ? இல்லை. குளக்கரையில் கிடந்தவன் சேசுநாதரைக் கூப்பிடவுமில்லை. அவர் யாரென்று அறியவுமில்லை. அவரே தேடிவந்து, குணமாக விருப்பமுண்டோ என்று அவனை வினவினார். அப்படியே முகமூடியால் முகம் மறைந்த தாதிமார், தங்கள் பெயரை உடுப்பின்மேல் எழுதிக்கொண்டு கட்டிலண்டை வந்தார்கள். உறையணிந்த கையால் நோயாளியின் கையைப் பிடித்தார்கள். வீட்டார் முகத்தைக் காணும்படி டெலிபோனை ஏந்திநின்றார்கள். வியாதிக்காரரைச் சந்திப்பவர் தம்மையே சந்திப்பதாக நம் ஆண்டவர் சொல்லவில்லையா?

திருச்சபைத் தாயும் தன் பிள்ளைகளை மறக்கவில்லை. குருவானவர் அணுகக்கூடாமல் நோயிற்பூசுதல் பெறாது மரிப்பவர்கள் தகுந்த மனநிலையுடன், வாழ்நாளில் ஏதேனும் ஜெபம் சொல்லிவந்தவர்களானால், பரிபூரணபலன் அடையலாமென்று 2020 மார்ச் 20-ந் தேதி ரோமாபுரியிலிருந்து கட்டளை பிறந்தது.

பிரியமானவர்களே, அந்த அவசரநிலை முடிந்ததாக 2023 மே 5-ந் தேதி உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. அன்று பெர்கமோ நகரத்தாரைத் தடுத்தது கொள்ளைநோய். இன்று அடுத்த தெருவில் படுத்திருப்பவரைப் பார்க்கவிடாமல் நம்மைத் தடுப்பது எது? வேலையா? சோம்பலா? பழைய மனஸ்தாபமா?

ஆகையால் மூன்று காரியம் செய்வோம். வியாதியாயிருக்கும் ஒருவரையாவது இவ்வாரம் சந்திப்போம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர் தாம் பட்ட பயத்தைச் சொல்லும்போது, அதுதான் குணமாயிற்றே என்று வாயடைக்காமல் பொறுமையாய்க் கேட்போம். அவஸ்தைப்பூசுதல் என்ற பழைய பெயருக்கு அஞ்சி, நினைவு தப்பும்வரை தாமதியாமல், நோய் கடுமையானதும் குருவானவருக்குச் சொல்லியனுப்புவோம்.

நம் பங்கில், துணைக்கு ஓர் ஆளில்லையே என்று எந்த வியாதிக்காரரும் சொல்லாதபடி ஆரோக்கியமாதா நமக்காக வேண்டிக்கொள்வாளாக. ஆமென்.