யாருக்குச் சொன்ன பொய்?

நாலாயிரத்துச் சொச்சம் வரிகள் கொண்ட ஒரு ஸ்பிரெட்ஷீட்டைப் படித்துக்கொண்டிருந்தேன். பாதியைத் தாண்டிய இடத்தில், இருபத்திரண்டு வயதில் நான் எழுதிய ஒரு பொய் ஒற்றை வரியாக உட்கார்ந்திருந்தது.

வேலை சாதாரணமானதுதான். குழந்தையின்மைக்குச் சிகிச்சை தரும் ஒரு மருத்துவமனைக்கு எங்கள் குழு புதிதாக இணையதளம் செய்து கொடுத்திருந்தது. இவ்வளவு செலவு செய்தும் கூகுள் தேடலில் மேலே வரவில்லையே என்று அவர்களுக்குக் குறை. "ஒரு பேக்லிங்க் ஆடிட் பண்ணிக் குடுத்துடுங்களேன்" என்றார்கள். குழுவில் ஒருகாலத்தில் இந்தத் தொழில் செய்தவன் நான் ஒருத்தன்தான். அதனால் என் தலையில் விழுந்தது.

மற்ற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் இணைப்புகளுக்குத்தான் பேக்லிங்க் என்று பெயர். அவற்றை மொத்தமாக இறக்கி, யார் கொடுத்தது, எந்தப் பக்கத்திலிருந்து, எந்த வார்த்தையின் மேல் என்று பார்த்து நல்லது கெட்டது பிரிப்பதுதான் ஆடிட். அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி.

இணைப்புக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? எங்கள் ஊரில் ஒரு வரன் வந்தால் பெண் வீட்டிலிருந்து ஒரு மாமா விசாரிக்கக் கிளம்புவார். நேரே மாப்பிள்ளை வீட்டுக்குப் போக மாட்டார். தெருமுனை டீக்கடையில் ஒரு டீயைச் சொல்லிவிட்டு, "அந்த மூணாவது வீட்டுப் பையன் எப்படி?" என்று மெதுவாகப் பேச்சுக் கொடுப்பார். மாப்பிள்ளை தன்னைப் பற்றிச் சொல்வது கணக்கில் வராது, அடுத்தவர்கள் சொல்வதுதான் வரும். அதிலும் ஊர் மதிக்கிற வாத்தியார் சொன்னால் எடை கூடுதல்.

1998-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் செர்கே பிரின்னும் லாரி பேஜும் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் சாரம் ஏறக்குறைய இந்த டீக்கடை விசாரணைதான். ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் இணைப்புக் கொடுக்கிறார்கள், கொடுப்பவர்களுக்கு எத்தனை பேர் கொடுக்கிறார்கள் என்று கணக்கிட்டால் அந்தப் பக்கத்தின் மதிப்பு தெரிந்துவிடும். யோசனையின் வேர் இன்னும் பழையது. ஒரு அறிவியல் கட்டுரையை யார் யார் மேற்கோள் காட்டுகிறார்கள் என்று தொகுக்கும் யூஜீன் கார்ஃபீல்டின் அட்டவணை 1964-லேயே வந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை: ஒருவர் இன்னொன்றைச் சுட்டிக்காட்டினால், அதில் ஏதோ இருக்கிறது என்று அவர் நினைக்கிறார். இணைப்பு என்பது ஒரு சாட்சி.

டீக்கடைக்காரர் கையில் நூறு ரூபாய் கொடுத்துப் பேச வைப்பதுதான் என் முதல் வேலை.

2011. இன்ஜினியரிங் முடித்து ஏழு மாதம் சும்மா இருந்தவனுக்குச் சென்னையில் ஒரு சின்ன கம்பெனியில் மாதம் எட்டாயிரம் ரூபாய்க்கு இடம் கிடைத்தது. எஸ்.இ.ஓ. எக்ஸிக்யூட்டிவ். ஒரு நாளைக்கு நாற்பது லிங்க் டார்கெட். டைரக்டரிகளில் பதிவு செய்வோம். முன்பின் தெரியாதவர்களின் பதிவுகளுக்குக் கீழே "அருமையான பதிவு, மிகவும் பயனுள்ளது" என்று கமென்ட் போட்டு, 'வெப்சைட்' என்ற கட்டத்தில் கிளையன்ட்டின் முகவரியை ஒட்டுவோம். ஒரே கட்டுரையை வார்த்தைகளை மட்டும் மாற்றி முப்பது கட்டுரையாக்கும் மென்பொருள்கூட வைத்திருந்தோம். மனது உறுத்தி ஒருநாள் டீம் லீடரிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இதெல்லாம் மனுஷன் படிக்கிறதுக்கா எழுதறோம்? பாட் வந்து படிக்கும், எண்ணிட்டுப் போயிடும். மெஷின்கிட்ட சொல்றது எப்படிடா பொய்யாகும்?"

நல்ல கேள்வி. பதில் தெரியாததால், அதையே பதிலாக எடுத்துக்கொண்டேன்.

அதே வருடம் பிப்ரவரியில் ஜே.சி.பென்னி என்ற அமெரிக்கச் சில்லறை வணிக நிறுவனம் இந்த விஷயத்தில் மாட்டியது. ஆடைகள், படுக்கை விரிப்புகள் என்று எதைத் தேடினாலும் அதுவே மேலே வந்துகொண்டிருந்தது. சம்பந்தமே இல்லாத ஏராளமான தளங்களில் அதற்கு இணைப்புகள் விதைக்கப்பட்டிருந்ததை நியூயார்க் டைம்ஸ் வெளியே கொண்டுவந்தது. கூகுள் அந்த நிறுவனத்தைத் தேடல் வரிசையில் கீழே தள்ளியது. அடுத்த வருடம் ஏப்ரல் 24 அன்று 'பென்குவின்' என்ற மாற்றம் வந்தது. ஆங்கிலத் தேடல்களில் சுமார் 3.1 சதவீதத்தை அது பாதிக்கும் என்றது கூகுள். எங்கள் கிளையன்ட்டுகளில் பாதிப் பேர் ஒரே வாரத்தில் காணாமல் போனார்கள். நான் வேலையை விட்டுவிட்டு ஜாவா படிக்கப் போனேன்.

இப்போது யோசித்தால் ஒன்று உறைக்கிறது. அந்த நாட்களில் நாங்கள் பேசியதெல்லாம் 'பெனால்டி', 'ரிஸ்க்', 'ரிகவரி' என்ற சொற்களில்தான். ஆட்டத்தில் கூகுள் அம்பயர், நாங்கள் ஆட்டக்காரர்கள். அம்பயருக்குத் தெரியாமல் செய்தால் கெட்டிக்காரத்தனம், தெரிந்துவிட்டால் அவுட். பார்க்க வந்தவர்கள் என்று ஒரு கூட்டம் இருப்பதே யாருக்கும் ஞாபகம் இல்லை.

அந்த ஒற்றை வரிக்கு வருகிறேன். நான் அப்போது வேலை பார்த்த கிளையன்ட்டுகளில் ஒன்று ஒரு கருத்தரிப்பு மையம். பின்னாளில் அதை இந்த மருத்துவமனை வாங்கி, பழைய டொமைனைப் புதியதற்கு 301 ரீடைரக்ட் செய்திருக்கிறது. வீடு மாறினாலும் பழைய முகவரிக்கு வந்த தபாலைத் திருப்பி அனுப்புவார்களே, அதுபோலப் பழைய இணைப்புகள் எல்லாம் பின்னாலேயே வந்து சேர்ந்துவிட்டன. அதில் ஒன்று என்னுடையது.

யார் வேண்டுமானாலும் கட்டுரை போடலாம் என்ற ஒரு தளத்தில், முப்பத்துநான்கு வயதுப் பெண்ணாக நான் எழுதியது. பதினோரு வருடக் காத்திருப்பு, மாமியார் வீட்டுப் பேச்சு, கடைசியில் அந்த மையம், கையில் குழந்தை. அறுநூறு வார்த்தைகள். நடுவில் 'சென்னையின் சிறந்த கருத்தரிப்பு மையம்' என்ற பொருளில் ஒரு ஆங்கிலத் தொடர், அதன் மேல் இணைப்பு. எனக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை. ஐ.வி.எஃப். என்றால் என்னவென்று விக்கிபீடியாவில் பார்த்துக்கொண்டேன். மதியம் ஆரம்பித்து டீ டைமுக்குள் முடித்துவிட்டேன். டீம் லீடர் படித்துவிட்டு, "டேய், அழ வச்சிட்டடா" என்றார். பாட் அழாது என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

ஆடிட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். கீழே இரண்டு கமென்ட்கள். 2013 மார்ச். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தாள் ஒரு பெண். "அக்கா, நீங்க எந்த டாக்டரைப் பார்த்தீங்க? எனக்கும் ஏழு வருஷம் ஆச்சு. ஊசி ரொம்ப வலிக்குமா? மொத்தம் எவ்வளவு ஆச்சுன்னு சொல்ல முடியுமா?" நான்கு நாள் கழித்து மறுபடியும்: "அக்கா, ப்ளீஸ், பதில் போடுங்க."

அதற்குப் பிறகு வந்திருந்த மற்ற கமென்ட்கள் எல்லாம் மூட்டுவலித் தைலமும் கடன் விளம்பரமும்.

டீம் லீடரின் கேள்வியை இப்போதுதான் உண்மையில் எதிர்கொள்ள வேண்டியிருந்தது. மெஷினுக்கு நம்பிக்கை கிடையாது, அதனால் அதை ஏமாற்றவும் முடியாது என்பது ஒரு வாதம். சரி. ஆனால் மெஷின் தனக்காக விசாரிக்கவில்லையே. அது பெண் வீட்டு மாமா. டீக்கடையில் பொய் கேட்டது மாமாவின் காது. வாழப்போவது பெண். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு போனைக் கையில் வைத்துக்கொண்டு தேடுகிற ஒருத்திக்காகத்தான் அந்த மெஷின் ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு வருகிறது. அதனிடம் சொன்னது அவளிடம் சொன்னதுதான். அவள் முகத்தைப் பார்க்கத் தேவையில்லாமல் போனது எனக்கு வசதி.

பொய்யை எதை வைத்து அளப்பது என்பதில் எனக்குத் தெரிந்த இரண்டு அளவுகோல்கள் எதிரெதிர்த் திசையில் நிற்பவை. 1797-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இம்மானுவேல் கான்ட், கொலைகாரனிடம்கூடப் பொய் சொல்லக் கூடாது என்கிறார். குறிப்பிட்ட ஒருவருக்குத் தீங்கு வராவிட்டாலும், பொய் பேச்சு என்பதன் மேலுள்ள நம்பிக்கையையே குலைத்து மனிதகுலத்துக்குத் தீங்கு செய்கிறது என்பது அவர் வாதம். திருக்குறளின் வாய்மை அதிகாரம் அப்படி இல்லை. அது வாய்மையைத் தீங்கின்மையால் வரையறுக்கிறது, குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யையும் வாய்மையின் இடத்தில் வைக்கிறது. கல்லூரியில் கான்ட்டைப் படித்தபோது ரொம்ப ஓவராக இருக்கிறதே என்று தோன்றியது. நான் எப்போதும் குறள் கட்சி. ஆனால் என் கட்டுரையை எதில் வைத்து நிறுத்தினாலும் முள் ஒரே பக்கம்தான் சாய்கிறது. சாட்சி என்ற ஏற்பாட்டையே அது கெடுத்தது. குறிப்பிட்ட ஒருத்தியைக் காக்கவும் வைத்தது.

அந்த மையம் நல்ல மையமாகவே இருந்திருக்கலாம். அவள் அங்கே போய் அவளுக்குக் குழந்தையும் பிறந்திருக்கலாம். அப்போதும் கணக்குத் தீராது. அவளுக்குத் தேவைப்பட்டது, இதை அனுபவித்த இன்னொரு பெண். அந்த இடத்தில் நான் போய் உட்கார்ந்துகொண்டேன். பொய்ச்சாட்சி செய்கிற கெடுதலில் பெரியது இதுதான் என்று நினைக்கிறேன்: உண்மையான சாட்சி நிற்க வேண்டிய இடத்தை அது அடைத்துக்கொள்கிறது.

தமிழில் இதற்கு ஒரு அழகான பாதுகாப்பு உண்டு. "நல்ல டாக்டர்" என்று சொன்னால் பொறுப்பு நம்முடையது. "நல்ல டாக்டராம்" என்றால் கேள்விப்பட்டதைச் சொல்கிறோம், அவ்வளவுதான். ஒரு 'ஆம்' போதும். இணையத்துக்கு அந்த 'ஆம்' 2005-ல்தான் வந்தது. 'நோஃபாலோ' என்று ஒரு குறியை இணைப்பில் சேர்த்தால், சுட்டுகிறேன், ஆனால் உத்தரவாதம் தரவில்லை என்று பொருள். 2019-ல் பணம் வாங்கிக் கொடுத்த இணைப்புக்கென்று 'ஸ்பான்சர்டு' என்ற தனிக் குறியும் வந்தது. யோக்கியமாக இருக்க விரும்புகிறவனுக்கு வழி இருக்கிறது. என் கட்டுரையில் ஒரு 'ஆம்'கூட இல்லை. இருந்திருந்தால் கிளையன்ட் காசு கொடுத்திருக்க மாட்டார்.

ஆடிட்டைத் தொடர்ந்தேன். நாங்கள் பயன்படுத்தும் கட்டண டூல் ஒவ்வொரு இணைப்புக்கும் 'டாக்ஸிக்' மதிப்பெண் போடும். சிவப்பில் இருந்த ஒன்றைத் திறந்தால், ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவரின் சொந்தப் பக்கம். தன் தங்கையை அதே மையத்துக்கு அழைத்துப்போனதை எழுதியிருந்தார். டாக்டர் பொறுமையாகப் பேசினார், ஆனால் ஒவ்வொரு தடவையும் மூன்று மணி நேரம் காக்க வைத்தார்கள், முதல் முறை தோல்வி, செலவு இவ்வளவு. அந்தப் பெண் கேட்ட கேள்விகள் எல்லாவற்றுக்கும் அங்கே பதில் இருந்தது. பழைய வடிவமைப்பு, அந்தப் பக்கத்துக்கு வெளியிலிருந்து ஒரு இணைப்புக்கூட இல்லை, அதனால் சிவப்பு. காசு கொடுத்து வாங்கிய பளபளப்பான 'விருந்தினர் கட்டுரைகள்' பச்சையில் இருந்தன. டூல் சாட்சியின் சட்டையைப் பார்த்து மதிப்பெண் போடுகிறது. அவர் என்ன சொன்னார் என்று யாராவது உட்கார்ந்து படித்தால்தான் தெரியும்.

நர்ஸின் பக்கத்தை நல்லவை பட்டியலுக்கு மாற்றினேன். என் கட்டுரையை நீக்கச் சொல்லி அந்தத் தளத்தின் முகவரிக்கு மெயில் போட்டேன். திரும்பி வந்தது. மிச்சம் இருந்தது டிசவோ. 2012 அக்டோபரில் கூகுள் கொடுத்த வசதி அது. ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் வரிக்கு ஒரு தளமாக எழுதி ஏற்றினால், இந்த இணைப்புகளை எங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள் என்று அர்த்தம். 2016-லிருந்து பென்குவின் இப்படிப்பட்ட இணைப்புகளைத் தானாகவே மதிப்பிழக்கச் செய்துவிடுகிறது. பெரும்பாலான தளங்களுக்கு டிசவோ தேவையே இல்லை என்று கூகுளே சொல்கிறது. ஆக, நீதிபதி என்றைக்கோ தள்ளுபடி செய்த சாட்சியத்தை நான் இன்றைக்கு வாபஸ் வாங்குகிறேன்.

அந்த ஃபைலில் ஹாஷ் குறி போட்டுத் தொடங்கும் வரிகளைக் கூகுள் கண்டுகொள்ளாது. அவை எழுதுகிறவர் தனக்காக வைத்துக்கொள்ளும் குறிப்புகள். அந்தத் தளத்தின் பெயருக்கு மேலே ஒரு ஹாஷ் போட்டு, "இதை எழுதியது நான்" என்று அடித்தேன். கொஞ்ச நேரம் பார்த்தேன். அன்றைக்கு மெஷின் மட்டும்தான் படிக்கும் என்று நினைத்துப் பொய் எழுதினேன். இன்றைக்கு மெஷின்கூடப் படிக்காத இடத்தில் உண்மையை எழுதுகிறேன். வரியை அழித்தேன்.

மறுநாள் மீட்டிங்கில் கிளையன்ட் தரப்பிலிருந்து, "டாக்ஸிக் எத்தனை இருக்கு?" என்று கேட்டார்கள். எண்ணைச் சொன்னேன். கூடவே, செலவு, வலி, எத்தனை முறை தோற்கலாம் என்பதையெல்லாம் மறைக்காமல் சொல்லும் ஒரு பக்கம் உங்கள் தளத்தில் வேண்டும் என்றும் சொன்னேன். "பார்க்கலாம் சார், அது இந்த ஸ்கோப்ல இல்லையே" என்றார்கள். உண்மைதான், இல்லை.

அன்று இரவு அந்தப் பழைய பக்கத்தைத் திறந்தேன். கமென்ட் பெட்டி இன்னும் இருந்தது. அவளுடைய கேள்விக்குக் கீழே எழுதினேன். இந்தக் கட்டுரை பொய், எழுதியவன் ஒரு ஆண், சம்பளத்துக்காக எழுதினேன், உங்களைக் காக்க வைத்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். பெயர் என்ற கட்டத்தில் என் பெயரைப் போட்டேன். 'வெப்சைட்' என்ற கட்டத்தை, எனக்குத் தெரிந்து முதல்முறையாக, காலியாக விட்டேன்.

அனுப்பியதும் ஒரு வரி வந்தது: உங்கள் கமென்ட் மட்டுறுத்தலுக்குக் காத்திருக்கிறது. மூன்று மாதம் ஆகிறது. அவ்வப்போது போய்ப் பார்க்கிறேன்.