வலது கால் மட்டும்

கடைசி இராவுணவில் இயேசு அப்பத்தையும் இரசத்தையும் எடுத்துக் கொடுத்ததை மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் எழுதியிருக்கிறார்கள். யோவான் எழுதவில்லை. அந்த இடத்தில் அவர் வைத்திருப்பது ஒரு துண்டு, ஒரு பாத்திரம் தண்ணீர், நடந்து வந்த கால்கள். பதின்மூன்றாம் அதிகாரம். யூதாசு எழுந்து இருட்டுக்குள் போவது அதற்குப் பிறகுதான். அப்படியென்றால் அவன் காலும் கழுவப்பட்டிருக்கிறது. பேதுருவுக்குத்தான் சங்கடம். குரு குனிவது முறையல்ல என்று அவருக்குப் படுகிறது. முறை தெரிந்தவர்களுக்குத்தான் இந்தச் சங்கடமே வரும்.

*

எங்கள் பங்கில் பெரிய வியாழன் மாலை பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலி போடுவார்கள். கால் கழுவப்படப் போகிறவர்கள் வீட்டிலேயே சோப்புப் போட்டு, குதிகாலைக் கல்லில் தேய்த்து, சிலர் பவுடரும் போட்டுக்கொண்டு வருவார்கள். சாமியார் மேலுடுப்பைக் கழற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு மண்டியிடுவார். வலது கால் மட்டும். ஒரு பையன் செம்பிலிருந்து தண்ணீர் விட, இன்னொருவன் தாம்பாளம் பிடிக்க, துடைத்து முத்தமிட்டு அடுத்த நாற்காலி. சுத்தமான காலைக் கழுவுவதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வரும். ஆனாலும் வருடத்துக்கு ஒருமுறை சாமியார் எங்கள் காலடியில் மண்டியிடுவதை ஊர் பார்க்கிறது. சடங்கு இல்லையென்றால் அதுவும் இருக்காது.

*

2013 மார்ச் 28. பிரான்சிஸ் திருத்தந்தையாகி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. பெரிய வியாழன் பூசையை ரோமில் காசல் தெல் மார்மோ என்ற சிறார் சிறையில் வைத்தார். கால் கழுவப்பட்ட பன்னிரண்டு பேரில் பெண்பிள்ளைகள் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். பூசைப் புத்தகத்து விதி ஆண்களை மட்டுமே சொல்லியிருந்தது. சிலர் முகம் சுளித்தார்கள். அவர்களைக் கல்நெஞ்சர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். தலைவரே மீறினால் நாளைக்கு ஆளுக்கொரு பூசை ஆகிவிடாதா என்ற கவலை நியாயமானதுதான். 2016 ஜனவரியில் விதி திருத்தப்பட்டது: இறைமக்களில் யாரையும் தேர்ந்துகொள்ளலாம். அந்தத் திருத்தத்தின்படி பார்த்தாலும் அன்று அங்கே உட்கார்ந்திருந்த முஸ்லிம் பிள்ளைக்கு நாற்காலி கிடையாது. விதி மூன்று வருடம் பின்னாலேயே நடந்து வந்து, இன்னும் பாதி வழியில் நிற்கிறது.

2025 பெரிய வியாழனன்று அவர் ரெஜினா சேலி சிறைக்குப் போனார். நோய் குனியவிடவில்லை. இந்த முறை கால் கழுவ முடியாது, உங்களோடு இருக்கத்தான் வந்தேன் என்கிற பொருளில் பேசிவிட்டுத் திரும்பினார். நான்கு நாளில் இறந்துபோனார். தண்ணீரே இல்லாத அந்தப் பெரிய வியாழனைத்தான் நான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன்.

*

தவக்காலத்து ஒருசந்தியும் சுத்தபோசனமும் நான் விடுவதில்லை. வெள்ளிக்கிழமை கறியை ஒதுக்கிவிட்டு வஞ்சிரம் வறுத்துச் சாப்பிடுவதும் விதிப்படி சரிதான். விதியில் ஒரு வசதி உண்டு, அது முடிந்துவிடும். இன்றைய கணக்கு நேர் என்று தூங்கப் போகலாம். அன்பு அடைத்துத் தீராத கடன் என்றுதான் ரோமையருக்கு எழுதும்போது பவுல் நினைத்திருக்கிறார்.

*

பக்கத்து வீட்டு அக்காவின் மாமியாருக்குச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி போய்விட்டது, முள் ஏறினாலும் தெரியாது. இரவுதோறும் அக்கா அந்தக் காலை மடியில் வைத்து, செல்போன் டார்ச் அடித்து, விரலிடுக்கு ஒவ்வொன்றாகப் பார்ப்பார். சிவந்திருக்கிறதா, கொப்புளம் உண்டா, ஈரம் நிற்கிறதா. கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுத்து, பாதத்துக்கு மட்டும் எண்ணெய் தடவுவார். இடுக்கில் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இரண்டு காலும். கிழவி நல்ல வார்த்தை சொல்கிற ஆளில்லை. கண் கூசுகிறது என்று திட்டும்.

இதில் அக்காவுக்குப் பல ஞாயிறு பூசை தவறிப்போகிறது. சாமியாரைப் பார்த்ததும் அதைத்தான் முதலில் சொன்னார். நானும் கூட நின்றேன். நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லையம்மா, திருச்சபையே அப்படித்தான் சொல்கிறது, முதல் வெள்ளி மாமியாருக்கு நற்கருணை கொண்டுவருவேன், நீங்களும் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார் அவர்.

அக்கா தலையாட்டினார். பிறகு கேட்டார்: “சரிங்க சாமி, விட்டுப்போன பூசைக்கு எத்தனை செபமாலை சொல்லணும்?”