யார் செலவு?

தலைப்பிரசவம் தாய்வீட்டுச் செலவு என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்துப் பெண்ணை அழைத்துப் போவார்கள். பிள்ளை பெற்று மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். இடையில் மருத்துவமனைக் கட்டணம், பத்தியச் சாப்பாடு, பிரசவ மருந்து, தொட்டில் எல்லாம் பெண்ணைப் பெற்றவர்கள் தலையில். குழந்தையின் அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் பழப்பையோடு 'பிள்ளையைப் பார்க்க' வருவார். அது அவருடைய பிள்ளையும்தான். ஆனாலும் நம் பேச்சில் அவர் பார்க்க வருகிறவர்.

இந்த வழக்கத்தில் ஓர் அறிவு இருக்கிறது. பிள்ளை பெற்றது பச்சை உடம்பு, அதற்கு ஓய்வு வேண்டும் என்பதை நம் பாட்டிகள் எந்தச் சட்டமும் படிக்காமல் அறிந்திருந்தார்கள். அந்த ஓய்வுக்கு யார் செலவு செய்வது என்ற கேள்விக்குத்தான், பெண்ணைச் சேர்ந்தவர்களே செய்யட்டும் என்று பதில் வைத்திருந்தது சமூகம். ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கும் எனக்கு, அலுவலகத்திலும் இதே பதில்தான் நடப்பில் இருக்கிறது என்று தோன்றுகிறது. அந்தப் பதிலுக்கு ஒருமுறை நானும் துணைபோனேன். அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத எனக்கு உரிமையில்லை.

2019இல் எங்கள் பிரிவுக்கு ஓர் ஆள் எடுக்க வேண்டியிருந்தது. நேர்முகத் தேர்வு நடத்திய மூவரில் நான் ஒருத்தி. கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருவர் இருபத்தேழு வயதுப் பெண். திருமணமாகி ஆறு மாதம் ஆகியிருந்தது. இன்னொருவர் ஏறக்குறைய அதே வயது ஆண். அவருக்கும் அண்மையில்தான் திருமணமாகியிருந்தது. கேள்விகளுக்குப் பெண்தான் நன்றாகப் பதில் சொன்னார். கதவு மூடியதும் மேலாளர் சொன்னார்: "நல்ல பொண்ணுதான். ஆனா அடுத்த வருஷமே ஆறு மாசம் சம்பளத்தோட லீவு கேட்டு நிக்கும். நம்ம பிரிவு தாங்குமா?" அவர் என்னைப் பார்த்தார். 'இல்லை' என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. மாதக் கடைசிக் கணக்கு முடிப்பை யார் தலையில் கட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். நான் பேசவில்லை. அந்த ஆணை எடுத்தோம்.

ஓர் ஆண்டுக்குள் அவர் அப்பாவானார். இரண்டு நாள் தற்செயல் விடுப்பு எடுத்தார். மூன்றாம் நாள் எல்லோருக்கும் ஜாங்கிரி கொடுத்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: அன்று அந்த அறைக்கு வந்த இரண்டு பேருமே பிள்ளை பெற்றுக்கொள்ளப்போகிற வயதில் இருந்தவர்கள்தான். ஒருவரிடம் மட்டும்தான் நாங்கள் அதைச் செலவாகக் கணக்கிட்டோம்.

இதில் தவறு யாருடையது? சட்டம்தான் பெண்களைக் 'கூடுதல் செலவு' ஆக்கிவிட்டது, 26 வாரம் கொடுத்திருக்கவே கூடாது என்று சொல்பவர்கள் உண்டு. சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்ப்போம். 1961ஆம் ஆண்டு மகப்பேறு பயன்கள் சட்டம் 12 வார ஊதியத்துடன் கூடிய விடுப்பைத் தந்தது. 2017இல் செய்த திருத்தம், முதல் இரண்டு குழந்தைகளுக்கு அதை 26 வாரம் ஆக்கியது. ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. பேறுகாலத்துக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். கருச்சிதைவானால் ஆறு வார விடுப்பு உண்டு. விடுப்பில் இருப்பவரை வேலையிலிருந்து நீக்குவது சட்டவிரோதம். இந்த உரிமைகளை விட்டுக்கொடுப்பதாக வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியிருந்தாலும் அது செல்லாது. தினக்கூலிப் பெண்களுக்கும் இந்த உரிமை உண்டு என்று டெல்லி மாநகராட்சி வழக்கில் 2000ஆம் ஆண்டே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1961 சட்டத்தின் ஏற்பாடுகள் இப்போது 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் சேர்க்கப்பட்டுள்ளன. வேலைக்குச் செல்லவிருக்கும் மாணவிகள் இவற்றை மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளலாம்.

நான் பிள்ளை பெற்றது 2011இல். அப்போது 12 வாரம்தான். எண்பத்தைந்தாம் நாள் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். பதினோரு மணிக்குப் பால் கட்டி ரவிக்கை நனையும். கழிப்பறையில் பீய்ச்சிக் கொட்டிவிட்டு வந்து மறுபடி பேரேட்டைப் பார்ப்பேன். ஆகவே 26 வாரம் அதிகம் என்று யாராவது சொன்னால் என்னால் பொறுமையாகக் கேட்க முடிவதில்லை. பிழை, உரிமையின் அளவில் இல்லை. அதற்கான செலவை யார் கணக்கில் எழுதுகிறோம் என்பதில் இருக்கிறது.

இந்தக் கேள்வி புதிதல்ல. 1928இல் பம்பாய் சட்ட மேலவையில் பெண் தொழிலாளர்களுக்கான மகப்பேறு மசோதா விவாதத்துக்கு வந்தபோது டாக்டர் அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன். ஆகவே இந்தச் சுமையின் பெரும்பகுதியை அரசு ஏற்க வேண்டும் என்பது அவர் வாதம். பெண்ணின் உழைப்பால் ஆதாயம் அடையும் முதலாளியும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்றார். மறு ஆண்டு அந்தச் சட்டம் வந்தது. ஆனால் சுமையை அரசு ஏற்க வேண்டும் என்ற பாதி, இன்றுவரை பாதியாகவே நிற்கிறது.

நடைமுறையில் முடியாத காரியமும் அல்ல இது. இ.எஸ்.ஐ. திட்டத்தைப் பாருங்கள். மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுபவர்களுக்கு நிறுவனம் 3.25 விழுக்காடும் தொழிலாளி 0.75 விழுக்காடும் செலுத்துகிறார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விகிதம். பேறுகால ஊதியம் அந்தப் பொது நிதியிலிருந்து வருகிறது. ஆகவே பெண்ணை வேலைக்கு எடுப்பதால் முதலாளிக்குத் தனியாக ஊதியச் செலவு இல்லை. அந்த வரம்புக்கு மேலே போனவுடன் முழு ஊதியமும் நிறுவனத்தின் தலையில் விழுகிறது. எங்கள் மேலாளரின் மனக்கணக்கு அங்கேதான் தொடங்கியது. ஊதிய வரம்பில்லாத ஒரு பொது நிதி இருந்திருந்தால் அன்று அவருடைய வாதத்தில் பாதி விழுந்திருக்கும்.

மீதிப் பாதி விழ வேண்டுமானால் ஆண்களும் வீட்டில் இருக்க வேண்டும். மத்திய அரசு ஊழியரான ஆணுக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. தனியார் துறை ஆணுக்கு அப்படிச் சட்டமே இல்லை. 2017இல் நாடாளுமன்றத்தில் தனிநபர் மசோதா ஒன்று வந்தது, சட்டமாகவில்லை. ஸ்வீடன் 1974இலேயே தாய் தந்தை இருவருக்கும் பொதுவான விடுப்பைக் கொண்டுவந்தது. ஆனால் அங்கும் பெரும்பாலும் தாய்மார்களே எடுத்தார்கள். அதனால் 1995இல் ஒரு மாதத்தைத் தந்தைக்கென்று ஒதுக்கினார்கள். அவர் எடுக்காவிட்டால் குடும்பத்துக்கு அது இல்லை. இன்று அந்த ஒதுக்கீடு 90 நாள். இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. 'விரும்பினால் எடுத்துக்கொள்' என்று சொன்னால் பழைய வழக்கம்தான் வெல்லும்.

நம் ஆண்களுக்கு விடுப்பு கொடுத்தால் கிரிக்கெட் பார்த்துக்கொண்டு இன்னொரு காபி கேட்பார்கள் என்று தோழிகள் சிரிக்கிறார்கள். சிரிப்பில் உண்மை இருக்கிறது. ஆனால் குழந்தையைக் குளிப்பாட்டவும் இரவில் தோளில் போட்டுத் தட்டவும் நாமும் பிறக்கும்போதே கற்றுக்கொண்டு வரவில்லை. வேறு ஆள் இல்லாத நேரத்தில் கற்றுக்கொண்டோம். பிரசவத்திலிருந்து தேறுவதும் பாலூட்டுவதும் பெண்ணுடம்பின் தேவை. அந்த நாட்களில் ஒன்றைக்கூடப் பங்கு போடக் கூடாது. மற்றபடி குழந்தை வளர்ப்புக்கு வேண்டியது கையும் நேரமும்தான். அவை ஆணிடமும் உண்டு. அவருக்கும் கட்டாயம் விடுப்பு என்று ஆகிவிட்டால், நேர்முகத் தேர்வில் ஒரு பெண்ணின் தாலியைப் பார்த்து யாரும் கணக்குப் போட முடியாது.

இத்தோடு முடித்துக்கொண்டால் என் நியாயம் அலுவலக வாசலோடு நின்றுவிடும். பச்சை உடம்போடு நான் அம்மா வீட்டில் இருந்தபோது, அங்கே வேலை செய்துவந்த அக்காதான் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினார். உங்களுக்கு எத்தனை நாள் ஓய்வு கிடைத்தது என்று ஒருநாள் கேட்டேன். "இருபத்தெட்டாம் நாளே வேலைக்கு வந்துட்டனுங்க. வரலைன்னா வேற ஆள வெச்சுக்குவாங்கல்லங்க" என்றார். அப்போது அவர் வேலை செய்த நாலு வீட்டில் எங்கள் வீடும் ஒன்று. மகப்பேறு பயன்கள் சட்டம் கடைக்கும் ஆலைக்கும் வரும், வீட்டு வேலைக்கு வராது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான தமிழக அரசின் மகப்பேறு நிதியுதவி இன்று 18,000 ரூபாய். அது பெரிய ஆறுதல்தான். ஆனால் நாலு வீட்டு வேலை பறிபோகாது என்ற உறுதியை அது தராது.

எனவே கேள்வியை முழுசாகக் கேட்க வேண்டும். ஒரு குழந்தை பிறப்பதால் நாளை தொழிலாளியும் வாடிக்கையாளரும் வரி கட்டுபவரும் எல்லோருக்கும் கிடைக்கிறார்கள். வரவு எல்லோருடையது என்றால் செலவு மட்டும் எப்படி ஒருத்தியுடையதாகும்? கணக்கு எழுதுகிறவளாக எனக்கு இது தப்பான பேரேடு என்று தெரிகிறது. தெரிந்தும் ஒருநாள் அதில் கையெழுத்துப் போட்டேன்.

சென்ற ஆண்டு எங்கள் நிறுவனத்தில் தந்தையருக்கு நான்கு வாரம் கேட்டு எழுதினேன். பத்து நாள் கொடுத்திருக்கிறார்கள். இதுவரை மூன்று பேர் எடுத்திருக்கிறார்கள். நேர்முகத் தேர்வுகளில் இன்றும் அந்தப் பேச்சு வருகிறது. இப்போது நான், "அந்தப் பையனுக்கும் கல்யாணமாகியிருக்கிறதே, அவரையும் கேட்போமா?" என்கிறேன். அறை ஒரு நிமிடம் பேசாமல் இருக்கும், பிறகு மதிப்பெண்களைப் பார்ப்போம். அம்மா வீட்டு அக்காவின் மகள் இப்போது அதே வீட்டில் வேலை செய்கிறாள். அவளுக்கு ஐந்தாம் மாதம். சம்பளத்தோடு ஆறு மாதம் என்று அம்மாவிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். அம்மா இன்னும் சரி என்று சொல்லவில்லை.